பேசாமல் நிற்கிற மாணவி

அன்று சிவலட்சுமிக்கு வந்திருந்தது பித்தப்பைக் கல். போன வாரம் ஆஸ்துமா. அதற்கு முந்திய வாரம் நீரிழிவு. மருந்துக் குளிசைகளைப் போடாமல் அலுமாரிக்குள் ஒளித்துவைக்கிற பிடிவாதக்காரி வேடம் அது.

உண்மையில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது, எந்த நோயும் இல்லை. வயது நாற்பத்தேழு. மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் குடியேற்றக் கிராமம் ஒன்றில் கணவன் சுடலைமுத்துவோடு சேர்ந்து கச்சான் என்கிற நிலக்கடலையும் உளுந்தும் பயிர்செய்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மலையகத்துத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். அந்தப் பக்கத்துப் பேச்சு அவள் நாக்கை விட்டு இன்னும் போகவில்லை.

மருத்துவ பீடத்து நான்காம் வருட மாணவர்கள் சில வாரங்கள் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் தங்கிப் படிக்க வருவார்கள். நோயாளியோடு எப்படிப் பேசுவது என்று அவர்கள் பழக வேண்டும். அதற்காக உண்மையான நோயாளிகளைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்ய முடியாது. ஆகவே சுகமாக இருக்கிற ஆட்களை நோயாளியாக நடிக்கக் கூப்பிடுவார்கள். இந்த வகுப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் தயாளினி. நடிக்கக்கூடிய ஆட்களை அவர் தேடியபோது, அந்த ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் யோசிக்காமல் சிவலட்சுமியின் பெயரைச் சொன்னார். மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்துபோகிற அதிகாரிகள் ஒவ்வொருவரையும், அவர்கள் பஸ் ஏறிய மறுநிமிடமே அப்படியே பேசிக் காட்டுகிறவள் அவள்.

இரண்டு வருடமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் தயாளினி ஒரு தாள் கொடுப்பார். நோயாளியின் பெயர், வயது, எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது எல்லாம் அதில் இருக்கும். தாளின் அடியில் கட்டம் போட்டு ஒரு வரி எழுதியிருக்கும். அது நோயாளி தானாகச் சொல்லாத விஷயம். மாணவர் கேட்க வேண்டிய விதமாகக் கேட்டால் மட்டுமே சிவலட்சுமி அதைச் சொல்லலாம். இந்தப் பித்தப்பைக் கல் தாளில் கட்டத்துக்குள் இருந்த வரி இது: இவருடைய தாய் ஒரு சத்திரசிகிச்சையில் இறந்தவர்; அதனால் கத்தி என்றாலே பயம்.

அன்று காலை ஐந்து மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நால்வர் வயிற்றைப் பற்றியே கேட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவள் கௌசலா. முரசுமோட்டையில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கொப்பியை மூடி மடியில் வைத்துவிட்டு, "உங்களுக்கு இதில கனக்கப் பயம் எது அம்மா?" என்றாள்.

அப்படி ஒரு கேள்வியை அந்தக் காலை யாரும் கேட்கவில்லை. சிவலட்சுமி கட்டத்துக்குள் இருந்ததைச் சொன்னாள். கௌசலா அவசரப்படவில்லை. அம்மாவின் பெயர் என்ன, அப்போது இவளுக்கு என்ன வயது என்று கேட்டாள். தாளில் இல்லாத பெயர் ஒன்றைச் சிவலட்சுமி அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், வயிற்றில் வருத்தம் இருக்க வலது தோள் ஏன் நோகிறது என்று நோயாளியாகவே கேட்டுப் பார்த்தாள்.

கௌசலா தன் கழுத்தில் கையை வைத்துக் காட்டினாள். பித்தப்பை வீங்கினால் மேலே, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தில் முட்டும். அந்த உதரவிதானத்து நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. ஆகவே எங்கே நோகிறது என்று மூளை குழம்பிப் போகிறது என்று விளக்கினாள். சிவலட்சுமிக்கு அது நன்றாக விளங்கியது.

ஐந்து நிமிடம் கழித்து டொக்டர் யோகலிங்கம் அறைக்குள் வந்தார். சத்திரசிகிச்சை நிபுணர். அவர் கை பட்டால் தழும்புகூடத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். மாணவர்கள் அவர் காலில் போட்டு வருகிற சப்பாத்தின் சத்தம் கேட்டாலே சுவரோடு ஒட்டி நிற்பார்கள். ஐந்து பேரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, ஆங்கிலத்தில் படபடவென்று கேட்டுக்கொண்டு போனார். சிவலட்சுமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் தன் வலது தோளைத் தொட்டுக்கொண்டு கௌசலாவைப் பார்த்ததும் என்ன கேள்வி என்று தெரிந்துவிட்டது.

கௌசலாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. யோகலிங்கம் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். "அடுத்தவர்" என்றார். பக்கத்தில் நின்ற சாருஜன் பதிலைச் சொன்னான்.

"நாலாம் வருசம்," என்றார் யோகலிங்கம் கௌசலாவிடம், இந்த முறை தமிழில். "இன்னும் வாய் திறக்கத் தெரியாது. நாளைக்கு நோயாளி உம்மிட்டக் கேட்டால் என்ன செய்வீர்?"

சிவலட்சுமி போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "டொக்டர் ஐயா, அந்தப் புள்ளைக்குப் பதில் தெரியும். இப்பதான் எனக்கு வடிவாச் சொல்லிச்சு."

கட்டில் பேசியதைப் போல யோகலிங்கம் அவளைப் பார்த்தார். நோயாளியாக நடிக்க வந்தவர் இந்த விஷயத்தில் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போனார்.

பிள்ளை நன்றி சொல்லும் என்று சிவலட்சுமி எதிர்பார்த்திருந்தாள். கௌசலாவோ அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். "ஏன் அம்மா சொன்னனீங்கள்? இவ்வளவு நாளும் யோகலிங்கம் சேருக்கு என்னை ஆரெண்டே தெரியாது. இனி மறக்கமாட்டார்" என்றாள்.

அன்று பஸ்ஸில் சிவலட்சுமிக்கு யன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்க மனம் வரவில்லை. வீட்டில் சுடலைமுத்து என்ன நடந்தது என்று கேட்டதற்கு, உதவி செய்யப் போய் உபத்திரவம் பண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் தயாளினி தொலைபேசியில் கூப்பிட்டார். இனி வர வேண்டாம் என்று சொல்லத்தான் எடுக்கிறார் என்று சிவலட்சுமி நினைத்தாள். விஷயம் வேறு. படிப்பிக்கிற வைத்தியர்கள் எல்லோருக்கும் அரைநாள் பயிற்சி ஒன்று வைக்கப் போகிறார்களாம். மாணவர் செய்ததில் எது சரி, எது பிழை என்று எப்படி எடுத்துச் சொல்வது, பயந்துபோன பிள்ளையை எப்படிப் பேச வைப்பது என்பதெல்லாம் அதில் வருமாம். நோயாளிக்குப் பதிலாக மாணவியாக நடிக்க ஆள் வேண்டும்.

தனக்கு ஆங்கிலம் தெரியாது, படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி என்று சிவலட்சுமி மறுத்தாள்.

"அது பிரச்சினையில்லை," என்றார் தயாளினி. "எனக்கு வேண்டியது பேசாமல் நிக்கிற மாணவி."

ஒரு விதி மட்டும் இருந்தது. பேச வேண்டும் என்று அவளுக்கு உள்ளே உண்மையாகவே தோன்றுகிற மாதிரி அந்த ஆசிரியர் ஏதாவது செய்தால்தான் வாய் திறக்கலாம். இரங்கிப்போய்ப் பேசக் கூடாது.

நோயாளி என்றால் தாள் இருக்கும். மாணவிக்குத் தாள் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சிவலட்சுமி கௌசலாவுக்கே தொலைபேசி எடுத்தாள். முதலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு, கேள்வி கேட்கிற அந்த நேரத்தில் உனக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

பேசத் தொடங்கிய கௌசலா இருபது நிமிடம் நிறுத்தவில்லை. பதில் வாய் வரைக்கும் வந்து நிற்குமாம். தமிழில் வந்ததை ஆங்கிலத்துக்கு மாற்றத் தொடங்குகிற நேரம் பார்த்து சேர் மணிக்கூட்டைப் பார்ப்பாராம். உடனே அது தமிழிலும் இல்லாமல் ஆங்கிலத்திலும் இல்லாமல் போய்விடுமாம். அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் காதில் விழாதாம். அவருடைய சப்பாத்து நூல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமாம். அவர் எந்தச் சப்பாத்துக்கு எந்த நூல் கட்டுகிறவர் என்று தனக்கு மனப்பாடம் என்று சொல்லி, கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். பெயர் சொல்லக் கூடாது என்ற வாக்குறுதியோடு, இதையெல்லாம் நடிப்பில் பயன்படுத்தச் சம்மதித்தாள்.

பயிற்சி நாளன்று கூட்ட மண்டபத்தில் ஏழு வைத்தியர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சிவலட்சுமிக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் கழுத்தில் போட ஒரு குழாயும் கொடுத்தார்கள். கோட்டு தோளில் இறுக்கியது. யார் முதலில் வருவது என்று தயாளினி கேட்டபோது யோகலிங்கம் எழுந்தார். தனக்குப் பதினொரு மணிக்குச் சத்திரசிகிச்சைத் தியேட்டர் இருக்கிறது, முதலில் முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். பிறகுதான் மாணவியின் முகத்தைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டது தெரிந்தது.

தமிழிலேயே கேட்கலாம் என்று ஒழுங்கு. அவர் அதே கேள்வியைக் கேட்டார். பித்தப்பையில் வருத்தம் இருந்தால் வலது தோள் ஏன் நோகிறது?

சிவலட்சுமி குனிந்து அவருடைய சப்பாத்தைப் பார்த்தாள். கறுப்பு நூல். வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கை தானாகவே உயர்ந்து மணிக்கூடு அவர் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. சிவலட்சுமி வாயை மூடிக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது தடவை அவர் குரலைத் தணித்துக் கேட்டார். ஆனால் பதில் வராததைக் கண்டதும், சரி, உதரவிதானம் எங்கே இருக்கிறது, அதற்கு எந்த நரம்பு போகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் சிவலட்சுமி வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் அடுத்த கேள்வி வந்து அதை மூடியது. கரைக்கு வந்த மீனைப் போல இருக்கிறது என்று ஓர் இளம் வைத்தியர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. இந்த முறை யோகலிங்கமும் கொஞ்சம் சிரித்தார்.

"இவ கதைக்காவிட்டால் நான் என்ன செய்யிறது?" என்று தயாளினியிடம் கேட்டார். தயாளினி, அதை மாணவியிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

மூன்றாவது தடவை அவர் ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். சிவலட்சுமி இருக்கவில்லை. சேர் நிற்கும்போது மாணவி எப்படி உட்காருவாள்? அவருக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு இன்னொரு கதிரையை இழுத்து முதலில் தான் உட்கார்ந்தார். அப்போது சிவலட்சுமியும் நுனியில் உட்கார்ந்தாள். அவர் எதையோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"பதிலை விடும்," என்றார். "நான் கேள்வி கேக்கேக்க உமக்கு என்ன நடக்குது?"

சிவலட்சுமிக்குள் ஏதோ இளகியது. நடிப்பா, உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. பதில் வாய்வரை வந்து நிற்பதையும், மணிக்கூட்டைப் பார்த்ததும் எந்த மொழியிலும் இல்லாமல் போவதையும், பிறகு சப்பாத்து நூல் மட்டுமே தெரிவதையும் தன் பேச்சிலேயே சொன்னாள். மண்டபத்தில் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

யோகலிங்கம் பேசாமல் இருந்தார். முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, அவளைப் பார்த்தபடி, சும்மா இருந்தார். வெளியே நோயாளிகளின் வாட்டுப் பக்கம் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது அவருடைய கால் ஆடியதில் தெரிந்தது. ஆனாலும் காத்திருந்தார்.

சிவலட்சுமி தன் கழுத்தில் கையை வைத்தாள். பித்தப்பை வீங்கி உதரவிதானத்தில் முட்டுவதையும், இரண்டு நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் தொடங்குவதையும், மூளை குழம்புவதையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

மற்ற ஆறு வைத்தியர்களும் கைதட்டினார்கள். இளம் வைத்தியர் எழுந்தே நின்றுவிட்டார். யோகலிங்கம் மட்டும் தட்டவில்லை.

"இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். இப்போது 'நீர்' போய் 'நீங்கள்' வந்திருந்தது.

"ஒரு புள்ளை, ஐயா. பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"கௌசலா," என்றார் அவர். "முரசுமோட்டை. வரவு ஒரு நாளும் பிந்தாது. தையல் போடேக்க கை நடுங்காது."

சிவலட்சுமி திகைத்துப் போனாள். அந்தப் பிள்ளை இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொல்லியும் விட்டாள்.

யோகலிங்கம் எழுந்து யன்னலருகே போய் நின்றார். தான் படித்த காலத்தில் தங்களுடைய பேராசிரியர் பதிலுக்கு மூன்று வினாடிதான் கொடுப்பாராம். "நான் அஞ்சு செக்கன் குடுக்கிறன். இவ்வளவு காலமும் நான் பொறுமைசாலி எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். அப்போதுதான் மண்டபம் முழுவதும் பெரிதாகச் சிரித்தது, அவரையும் சேர்த்து. தியேட்டருக்குப் போக வேண்டியவர் பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை நின்று மற்ற வைத்தியர்கள் படும் பாட்டையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் வாட்டில் நடந்ததைக் கௌசலாவே தொலைபேசியில் சொன்னாள். பூநகரியிலிருந்து வந்திருந்த ஒரு கடற்றொழிலாளியின் கட்டிலருகே வகுப்பு. சேர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். 'அடுத்தவர்' என்ற சொல் வரவில்லை. மாணவர்களுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. அவருக்குத் தலைசுற்றாக்கும் என்று நினைத்த சாருஜன், "சேர், தண்ணி தரட்டே?" என்று கேட்டுவிட்டான். கட்டிலில் கிடந்த நோயாளிதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கௌசலாவுக்கும் இறுக்கம் விட்டுப்போய், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பதிலைச் சொன்னாள்.

அதில் ஒரு பகுதி பிழை. எது பிழை என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அதற்கு முன், எந்தப் பகுதி சரி என்று சொன்னார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்தி, "அண்டைக்கு உமக்குப் பதில் தெரிஞ்சிருந்தது. நான்தான் கேக்க நிக்கேல்ல" என்றார். அவ்வளவுதான். அவள் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

"இதுக்காவது நின்னிருக்கலாம்," என்றாள் சிவலட்சுமி.

"பரவாயில்லை அம்மா," என்றாள் கௌசலா. அவள் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டபோது, இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த கல் சிவலட்சுமிக்கு இறங்கியது.

யோகலிங்கம் ஒரே நாளில் வேறு ஆளாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. தியேட்டருக்குள் இன்னும் சத்தம் போடுகிறார் என்றும், அவசரத்தில் பழைய பழக்கம் எட்டிப்பார்க்கிறது என்றும் கௌசலா சொன்னாள். ஆனால் கை மணிக்கூட்டுப் பக்கம் போனால் மாணவர்கள் இப்போது மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்கள். அவரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஒரு நாள் சாருஜன் அவரிடமே ஒரு கேள்வி கேட்டானாம். அதற்குப் பதில் தனக்குத் தெரியாது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாராம் அவர். அடுத்த நாள் மறக்காமல் புத்தகத்தோடு வந்தாராம்.

மாணவர்களின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரிக் கூட்ட மண்டபத்தில் சின்ன விருந்து. சிவலட்சுமி கணவனோடு வர வேண்டும் என்று கௌசலா இரண்டு முறை தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தாள். சுடலைமுத்து வெளுத்த சேர்ட்டும் வேட்டியுமாக வந்து பின்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். வடை, ரோல்ஸ், தேத்தண்ணி எல்லாம் சுற்றி வந்தன. பாட்டும் ஆட்டமும் முடிந்த பிறகு மாணவர்கள் சிவலட்சுமியை முன்னுக்கு இழுத்து வந்து, யோகலிங்கம் சேரைப் போல நடித்துக் காட்ட வேண்டும் என்றார்கள்.

சிவலட்சுமிக்கு வியர்த்துவிட்டது. முன்வரிசையில் அவரே உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வந்தபோது மண்டபம் அடங்கிப் போயிற்று. தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நான் மாணவன். கேளுங்கோ" என்றார்.

கோட்டைப் போட்டதும் சிவலட்சுமிக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் நடையில் மண்டபத்தை ஒருமுறை குறுக்கே நடந்தாள். அந்த நடைக்கே விசில் கிளம்பியது. பிறகு சட்டென்று திரும்பி அவருக்கு எதிரே நின்று, அவர் குரலிலேயே, "கச்சான் பிடுங்கிற பதத்துக்கு வந்திட்டுதெண்டு எப்பிடித் தெரியும்? சொல்லும்" என்றாள்.

யோகலிங்கம் தலையைச் சொறிந்தார். மாணவர்கள் மேசையில் தட்டினார்கள். சிவலட்சுமி பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"இலை பழுத்தால்?" என்றார் அவர் கடைசியில்.

"பாதி சரி," என்றாள் சிவலட்சுமி. "மிச்சப் பாதி?"

யோகலிங்கம் உதவிக்கு மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, ஒரு செடியைப் பிடுங்கிக் கச்சானின் மேல்கோதை உடைத்துப் பார்க்க வேண்டும், உள்பக்கம் கறுத்திருந்தால்தான் முற்றியது என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் குரலைக் கேட்டுத் தானே வெட்கப்பட்டார். மண்டபம் அதிர்ந்தது. யோகலிங்கம் அவரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பிறகு இருவரும் விதைப்பு, மழை, காட்டுப்பன்றி என்று கதைத்துக்கொண்டே போனார்கள். சுடலைமுத்து ஓர் ஆஸ்பத்திரிக்குள் அவ்வளவு நேரம் கதைத்ததை மனைவி அன்றுதான் பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நேரமானபோது கௌசலா வாசல்வரை வந்தாள். மீந்த ரோல்ஸ்களைக் கட்டிக் கையில் திணித்தாள். அடுத்த வருடம் இறுதிப் பரீட்சை, அதற்குப் பிறகு எங்கே போடுவார்களோ தெரியாது, ஆனால் வன்னியைத்தான் கேட்பேன் என்றாள். பேசிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்து நின்ற பிறகும் பேச்சை நிறுத்தாமல், யன்னலுக்குக் கீழே நின்று ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

பஸ் கிளம்பிக் கொஞ்சத் தூரம் போன பிறகு, சுடலைமுத்து மனைவி பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த டொக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். எனக்கும் ஒரு வருத்தம் குடுப்பாங்களா?"

"ஒங்களுக்கா? என்ன வருத்தம் வேணும்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அடுத்த தரிப்பிடம் வரைக்கும் யோசித்தார்.

"கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்," என்றார்.